பேகம்பேட்டும் அயல்நாட்டுத் தொண்டும்

ஹைதராபாத்துக்கு வரும் நம்மவர் பெரும்பாலும் சார்மினாரைக் கண்டு, சாலார் ஜங் காட்சிசாலையைச் சுற்றி, கோல்கொண்டாக் கோட்டையில் ஏறி இறங்கி, ஊர் பார்த்தாயிற்று என்ற மனநிறைவோடு திரும்பிவிடுகின்றனர். செகந்திராபாத்துக்கு மேற்கே, உசேன் சாகர் ஏரிக்கு வடபுறமாக அமைந்துள்ள பேகம்பேட் என்னும் பகுதியை இறங்கிப் பார்ப்போர் சிலரே. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், அவ்வழியே நாள்தோறும் அலுவலகம் செல்வோரிலும் எத்தனை பேர் அதன் பழைய பெருமையை அறிவர் என்பது ஐயமே. உலகிலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் நன்மை பயத்த ஓர் உண்மை இவ்வூரில் வெளிப்பட்டது. அதை வெளிப்படுத்தியவர் இவ்வூரினர் அல்லர்; அவ்வேலையைச் செய்யுமாறு அவருக்கு எவரும் ஆணையிடவுமில்லை. பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களிலும் பிற நாடுகளிலும் குடியேறியுள்ள நம்மனோர் எண்ணிப் பார்க்கத் தக்க செய்தி இது.

ஊரும் அதன் தோற்றமும்

நிஜாம் குடும்பத்துப் பேகம் ஒருவருக்குத் திருமணச் சீதனமாக அளிக்கப்பட்ட நிலமாதலால் இவ்வூர் பேகம்பேட் எனப் பெயர் பெற்றது என்பது வழங்கிவரும் செய்தி. பைகா என்னும் பிரபு வமிசத்தாரின் மாளிகைகள் இங்கே எழுந்தன. அவர்கள் தொடர்பில் 1906-ஆம் ஆண்டில் உருவான பள்ளிவாசலை மக்கள் ஸ்பானிஷ் மசூதி என்று அழைக்கின்றனர். நாம் வழக்கமாகக் காணும் மசூதிகளின் உருண்ட விதானங்களுக்கு மாறாக, அதன் கோபுரங்கள் கூர்மையாக வானோக்கி நிற்கும். ஜாகீர்தார்களின் பிள்ளைகளுக்கென 1923-இல் தொடங்கிய கல்லூரி, பின்னர் எல்லாருக்கும் உரிய ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலாக வளர்ந்து, இன்றும் பரந்த வெளியில் பொலிவோடு விளங்குகிறது.

வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு 1874-இல் திறக்கப்பட்ட ரயில் பாதை இவ்வூர் வழியே செல்கிறது. நகரின் விமான நிலையமும் நெடுங்காலம் இங்கேயே இருந்தது. 2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஷம்ஷாபாத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டபின் பயணி விமானங்கள் இங்கே வருவது நின்றது. வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்ட பிள்ளைகளை இவ்வூர் வாயிலில் நின்று கண்ணீரோடு வழியனுப்பிய பெற்றோர் பலர். அயல்நாட்டுப் பயணத்தைப் பற்றி எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இந்நகரில் வேறில்லை.

அந்தப் பழைய விமான நிலையத்துக்கு அண்மையில், மரங்கள் சூழ்ந்த பழங்காலக் கட்டடம் ஒன்று உள்ளது. அதில் பெருந்தூண்களோ சிற்ப வேலைப்பாடோ கிடையாது. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர் ரொனால்டு ரோஸ் ஆராய்ச்சிக் கழகம் என்ற பெயர் அதற்கு வழங்குகிறது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரோஸ் கண்டறிந்த இடமாக அக்கட்டடம் போற்றப்படுகிறது. அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த நாள் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20. அந்நாளை உலகக் கொசு நாள் என்று இன்றும் பல நாடுகள் நினைவுகூர்கின்றன.

ஆணையிடாமல் செய்த வேலை

ரொனால்டு ரோஸ் 1857-இல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தவர். தந்தை ராணுவ அதிகாரி. இலண்டனில் வைத்தியம் பயின்று 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். 1895-இல் செகந்திராபாத்தில் 19-ஆம் மதராஸ் காலாட்படையின் வைத்தியராக அமர்ந்தார். சிப்பாய்களின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, ஆஸ்பத்திரிக் கணக்கை ஒழுங்காக எழுதிவந்தாலே அவருடைய கடமை நிறைவேறிவிடும். மாதச் சம்பளமும் தவறாது வந்துவிடும். கொசுவை அறுத்துப் பார்க்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

அதற்கு முந்திய ஆண்டு விடுமுறையில் இலண்டன் சென்றிருந்தபோது பாட்ரிக் மான்சன் என்ற மூத்த வைத்தியரை அவர் சந்தித்தார். மலேரியாக் கிருமிக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருத்தல் கூடும் என்று மான்சன் கருதினார். அக்கருத்தை மெய்ப்பித்துக் காட்டும் பொறுப்பை ரோஸ் தாமாகவே ஏற்றுக்கொண்டார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதுகளில் ஈராண்டு காலம் கொசுக்களைப் பிடித்து, நோயாளிகளைக் கடிக்கச் செய்து, நுண்ணோக்கியின் கீழே வைத்து அறுத்துப் பார்த்தார். எதுவும் புலப்படவில்லை. இடையில் பெங்களூரில் வாந்திபேதி பரவியதால் மேலிடம் அவரை அங்கே அனுப்பிவிட்டது. 1897-இல் விடுமுறை பெற்றுக்கொண்டு உதகமண்டலம் சென்றார். ஓய்வெடுக்கவேண்டிய அந்நாட்களில் காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் மலைச் சரிவிற்குச் சென்று ஆராயத் தொடங்கி, தாமே மலேரியாவில் விழுந்தார். விடுமுறை, உடல்நலம் ஆகிய இரண்டையும் செலவிட்டு அவர் செய்த வேலை இது. இதைத் தொண்டு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

செகந்திராபாத்துக்குத் திரும்பிய பின் கோடை வெம்மையில் வேலை தொடர்ந்தது. விசிறி போட்டால் அறுத்துவைத்த கொசு பறந்துவிடும் என்பதால் விசிறியில்லாமலே அமர்ந்தார். நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணாடியிலும் கீறல் விழுந்தது. ஆகஸ்டு மாதத்தில் சிறகில் புள்ளிகள் கொண்ட வேறு வகைக் கொசுக்கள் அவருக்குக் கிட்டின. அவ்வகையே இன்று அனோபிலிஸ் எனப்படுகிறது. ஆகஸ்டு 16-இல் ஹுசேன் கான் என்னும் மலேரியா நோயாளி அக்கொசுக்களுக்குத் தம் உடலைக் காட்டினார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்கு ரோஸ் கொடுத்தார்.

நான்கு நாட்களுக்குப் பின் அவற்றுள் ஒன்றை அறுத்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் உருண்டையான அணுக்கள் சில தென்பட்டன. அவற்றினுள்ளே கருநிறப் பொடிகள் இருந்தன. மலேரியாக் கிருமி மனித இரத்தத்தைத் தின்று செரித்தபின் எஞ்சுவதும் அதே கருநிறப் பொடியே. அதற்குமுன் அறுத்த கொசு எதிலும் அவர் அதைக் கண்டதில்லை. மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதே அணுக்கள் முந்தின நாளைவிடப் பெரியனவாக இருந்தன. அவை வளர்கின்றன என்றால் உயிருள்ளவை என்று பொருள். கிருமி கொசுவினுள் வளர்கிறது என்பதும் உறுதி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கெட்ட காற்றால் வருவது என்று மக்கள் நம்பியிருந்த நோயின் வழி, இவ்வூரில் அவ்விரண்டு நாட்களில் புலப்பட்டது.

இவ்வரலாற்றில் ரோஸின் பெயரோடு ஹுசேன் கானின் பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது நம் கருத்து. நோயுற்ற ஏழை மனிதர் தம் உடலைக் கொடுத்திராவிடில் அறிஞரின் நுண்ணோக்கிக்கு வேலையே இருந்திராது. தொண்டு என்று நாம் புகழ்வதில் பாதி, பெயர் பொறிக்கப்படாத உள்ளூராரின் உழைப்பாகவே எங்கும் இருக்கக் காண்கிறோம்.

எஜமானர் இருவகை

இனி, வேலைக்கு அமர்த்தியவர்கள் என்ன செய்தனர் என்பதைக் காண்போம். கண்டுபிடிப்பு நிகழ்ந்த அடுத்த மாதமே ரோஸுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இராஜபுதனத்திலுள்ள கெர்வாரா என்னும் ஒதுக்கிடத்துக்குப் போகுமாறு பணித்தனர். அங்கே ஆராய்வதற்கு மலேரியா நோயாளிகளே அரிதாயினர். மான்சன் முதலானோர் மேலிடத்தில் பலமுறை எடுத்துரைத்த பின்னரே 1898-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவரைக் கல்கத்தாவுக்கு ஆராய்ச்சிக்கென அனுப்பினர். அங்கே பறவைகளின் மலேரியாவைக் கொண்டு, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியின் வழியே பரவுகிறது என்பதை அவ்வாண்டே நிறுவினார். இத்தாலியில் கிராஸி முதலிய அறிஞர் அனோபிலிஸ் கொசுவே மனிதருக்கு மலேரியாவைக் கொண்டுவருகிறது என்பதைக் காட்டினர். 1899-இல் ரோஸ் இந்தியப் பணியை விட்டு விலகி, லிவர்பூலில் புதிதாகத் தொடங்கப்பட்ட வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய திறமையின் பயனை அடைந்தது லிவர்பூல். கையிலிருந்த மனிதரை நழுவவிட்டது அவரை வளர்த்த சர்க்கார்.

இதற்கு மாறான எஜமானரும் அக்காலத்தில் இருந்தனர். மேலே குறித்த மான்சன் சீனாவின் சுங்க இலாகாவில் துறைமுக வைத்தியராக வேலை பார்த்தவர். கப்பலில் வரும் மாலுமிகளைப் பார்த்துச் சான்று கொடுப்பது அவருடைய அலுவல். அமோய் துறைமுகத்தில் யானைக்கால் நோயின் புழு கொசுவினுள் வளர்வதை 1877-இல் அவர் கண்டார். சுங்கத் தலைவர் ராபர்ட் ஹார்ட் தம் வைத்தியர்கள் அலுவலுக்குப் புறம்பாகக் கண்டறிந்தவற்றை எழுதி அனுப்பச் செய்து, 1871 முதல் மருத்துவ அறிக்கைகளாக அச்சிட்டு வெளியிட்டுவந்தார். தனியே ஒரு துறைமுகத்தில் நாள் கழித்துக்கொண்டிருந்த வைத்தியருக்கு, தம் எழுத்து அச்சேறும் என்ற எண்ணமே பெரும் ஊக்கமாயிற்று. வரி வசூலிக்கும் இலாகா ஒன்றின் பெயர் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றதற்கு அதுவே காரணம்.

அதுபோலவே, மலேரியாக் கிருமியை முதன்முதலில் இரத்தத்தில் கண்ட லவரான், 1880-இல் அல்ஜீரியாவிலிருந்த பிரெஞ்சு ராணுவ வைத்தியர். ஆக, இந்நோயின் மர்மத்தை அவிழ்த்த மூவரும் பெரிய பல்கலைக்கழகங்களின் ஆசனங்களில் அமர்ந்தவர் அல்லர். சொந்த நாட்டை விட்டு வெளியே, குறைந்த கருவிகளோடு, கடமைக்கு மேற்பட்ட வேலையை விரும்பி மேற்கொண்ட சம்பளக்காரர்கள்.

தொண்டால் வளர்ந்த திறன்கள்

அயலூரில் செய்யும் தொண்டு ஒருவருடைய தொழில் திறனை எவ்வாறு வளர்க்கிறது என்பதற்கு ரோஸின் நாட்குறிப்பே சான்று. செகந்திராபாத்துக்கு வந்தபோது அவர் சாதாரண ராணுவ வைத்தியர். லவரான் சொன்ன கிருமி உண்டா என்பதிலேயே முன்பு ஐயம் கொண்டிருந்தவர். ஈராண்டு உழைப்பில் அவருடைய கை நுண்ணிய அறுவையில் பழகியது. கண் சிறு மாறுதலையும் பிரித்தறியக் கற்றது. எந்தக் கொசு, எந்த நாள், எந்த நோயாளி, என்ன கண்டது என்று எண்ணிட்டுக் குறித்துவைக்கும் ஒழுங்கு படிந்தது. பயன் தராத நூற்றுக்கணக்கான சோதனைகளையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். அவ்வாறு எழுதியதால்தான் புதிதாக ஒன்று தோன்றியபோது அது புதியது என்று துணிந்து சொல்ல முடிந்தது.

மற்றொரு திறன், உள்ளதைக் கொண்டு செய்வது. பழுதுபட்ட கருவியும், மொழி அறியாத நோயாளியும், ஒத்துழைக்காத மேலிடமும் வாய்த்தவன் குறை சொல்லிக்கொண்டே காலத்தைக் கழிக்கலாம். அன்றேல் வேறு வழி காணலாம். வழி காணப் பழகியவனை எந்த அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவன் திகைப்பதில்லை. மூன்றாவது, பிற மக்களோடு பழகும் பக்குவம். கொசு பிடித்துத் தந்த உதவியாளரும், விரலில் ஊசி குத்தவும் கொசுக் கடிக்கவும் இசைந்த நோயாளிகளும் நம்பியிராவிடில் அவ்வேலை ஒரு நாளும் நடந்திராது. அதிகாரத்தால் பெற இயலாத அந்நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்பதை எந்தப் பயிற்சிப் பள்ளியும் கற்பிப்பதில்லை.

1900-ஆம் ஆண்டில் மான்சன் ஏற்பாடு செய்த சோதனையும் குறிப்பிடத்தக்கது. இத்தாலியில் ரோமாபுரிக்கு அருகே காய்ச்சல் மிகுந்த சதுப்பு நிலத்தில், சாம்பன், லோ என்னும் வைத்தியர் இருவர் கொசு புகாத வலையடித்த குடிலில் கோடைக்காலம் முழுவதும் தங்கினர். பகலில் ஊரெங்கும் திரிந்து, மாலைப் பொழுது சாய்வதற்குள் குடிலுக்குள் நுழைந்துவிடுவர். சுற்றிலும் இருந்தோர் நோயுற்றபோது அவர்கள் நலமாகவே இருந்தனர். அதே ஆண்டில் மான்சனின் மகன், இத்தாலியிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட கொசுக்களுக்குத் தாமாகவே கையை நீட்டி, மலேரியா கண்டு, பின் குணமடைந்தார். கெட்ட காற்றன்று, கொசுக்கடியே காரணம் என்பதைப் பாமரரும் நம்பத்தக்க வகையில் இவ்விரு தொண்டும் காட்டின.

முதலாளிக்கு வந்த இலாபம்

தொண்டு புண்ணியம் தரலாம். பொருள் தருமா என்று கேட்கும் முதலாளிகளுக்குச் சில கணக்குகளைக் காட்டலாம். சூயஸ் கால்வாய்க் கம்பெனியின் ஊரான இஸ்மாயிலியாவில் ஆண்டுதோறும் ஊழியர் பலர் மலேரியாவில் படுத்தனர். 1902-இல் கம்பெனியார் ரோஸை அழைத்து யோசனை கேட்டனர். தேங்கிய நீரை வடித்தும், கிணறுகளையும் கழிவுநீர்க் குழிகளையும் பாதுகாத்தும் கொசு உற்பத்தியைத் தடுத்தனர். அவ்வாண்டில் 1,551 ஆக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, 1903-இல் 214 ஆகவும் 1904-இல் 90 ஆகவும் குறைந்தது. ஊழியர் வேலைக்கு வராத நாட்கள் எவ்வளவு மிச்சமாயிருக்கும் என்பதைக் கணக்குத் தெரிந்த எவரும் ஊகிக்கலாம். பனாமாக் கால்வாயைப் பிரெஞ்சுக்காரர் தோண்ட முற்பட்டபோது நோயால் மாண்டவர் இருபதாயிரத்துக்கும் மேல் என்று மதிப்பிடுவர். 1904-இல் அமெரிக்கர் அவ்வேலையை ஏற்றபின், வைத்தியர் கோர்காஸ் கொசு ஒழிப்பை முன்னிட்டு நடத்தியதால் 1914-இல் கால்வாய் திறக்கப்பட்டது.

நம் நெஞ்சுக்கு மிக நெருங்கிய சான்று மலாய் நாட்டில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கப்பலேறியவர் எண்ணற்றோர். காடு வெட்டிய இடங்களில் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டது. கிள்ளான் மாவட்டத்தில் 1901-இல் வைத்தியராக அமர்ந்த மால்கம் வாட்சன், ரோஸின் கண்டுபிடிப்பை உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கிள்ளான் ஊரிலும், அப்போதுதான் திறந்து காய்ச்சலால் மூடும் நிலைக்கு வந்திருந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் வடிகால் வெட்டிச் சதுப்பை ஒழித்தார். நோயும் சாவும் வெகுவாகக் குறைந்தன. பின்னர்த் தோட்டங்கள் தோறும் சென்று, எவ்வகைக் கொசு எத்தகைய நீரில் பெருகுகிறது என்று ஆராய்ந்து, அதற்கேற்ற முறையை வகுத்தார். தோட்ட முதலாளிகளுக்கு ஆள் மிஞ்சியது. நம் முன்னோர்க்கு உயிர் மிஞ்சியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ, பேகம்பேட்டில் அறுக்கப்பட்ட அக்கொசுவுக்குக் கடன்பட்டவை.

நம்மவர் செய்த தொண்டு

வெள்ளையர் செய்ததையே சொல்கிறீர்களே, நம்மவர் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, காந்தியடிகள் அங்கிருந்த இந்தியரைத் திரட்டி, காயமுற்றோரைத் தூக்கிச் செல்லும் படை ஒன்றை அமைத்தார். அதில் சேர்ந்தோர் சுமார் 1,100 பேர். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் தமிழ் மக்களும் அவர்களிடையே இருந்தனர். வைத்தியர் பூத் என்பார் அவர்களுக்கு முதலுதவி கற்பித்தார். ஸ்பியான் கோப் போர்க்களத்திலிருந்து காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தனர். கரும்புத் தோட்டத்தில் எண்ணாகக் கருதப்பட்டவர்கள், ஒழுங்குடன் இயங்கும் படையாகத் தம்மைக் கண்டுகொண்டனர். பின்னாளில் அந்நாட்டில் நடந்த சத்தியாக்கிரகத்துக்கு வேண்டிய கட்டுப்பாட்டுக்கு அத்தொண்டும் ஒரு பயிற்சியாயிற்று என்றே நாம் கருதுகிறோம்.

பேகம்பேட்டுக்கு அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. செகந்திராபாத்தில் 1862-இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்கூடமே பிற்காலத்தில் மஹபூப் கல்லூரி ஆயிற்று. குடியேறிய ஊரின் பிள்ளைகளுக்கெல்லாம் அதன் கதவு திறந்திருந்தது. 1893-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்கா செல்லுமுன் விவேகாநந்தர் மேலைநாட்டுக்குத் தாம் செல்லும் நோக்கத்தைப் பற்றி அங்கேதான் சொற்பொழிவாற்றினார். பிழைக்க வந்த ஊருக்கு ஏதேனும் திருப்பித் தருவது நம்மவருக்குப் புதிய வழக்கமன்று.

இக்காலத்து நிலை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அயல்நாட்டுத் தொண்டு ஒழுங்கான அமைப்புகளாக உருப்பெற்றது. இங்கிலாந்தில் 1958-இல் கடல்கடந்த தன்னார்வச் சேவை தொடங்கியது. 1961-இல் அமெரிக்கா சமாதானப் படையை நிறுவியது. அப்படையினர் அவ்வாண்டு முதல் 1976 வரை நம் நாட்டிலும் கோழி வளர்ப்பு, வேளாண்மை, சுகாதாரம் முதலிய துறைகளில் வேலை செய்தனர். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், தம் 68-ஆம் வயதில் பம்பாய்க்கு அடுத்த விக்ரோலியில் நர்ஸாகத் தொண்டாற்றினார். ஐக்கிய நாடுகள் சபையும் 1970-இல் தீர்மானம் நிறைவேற்றித் தொண்டர் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. வைத்தியர், பொறியாளர், கணக்கர், ஆசிரியர் எனப் பல தொழிலினரும் அதன் வழியே சென்றுவருகின்றனர், இந்தியரும் செல்கின்றனர்.

நம் இல்லங்களில் இதைப் பற்றிய பேச்சு எழும்போது நிகழ்வது என்ன? நல்ல உத்தியோகத்திலிருக்கும் மகனோ மகளோ, ஆப்பிரிக்காவில் ஓராண்டு பள்ளிக்கூடத்தில் கற்பிக்கப் போகிறேன், நேபாளத்தில் ஆஸ்பத்திரிக் கணக்கை ஒழுங்குபடுத்தப் போகிறேன் என்று சொன்னால், வீட்டில் இடி விழுந்தது போலாகிறது. சம்பளம் போகிறது, பதவி உயர்வு தள்ளிப்போகிறது, கல்யாணம் தடைப்படுகிறது என்று பெற்றோர் கலங்குகின்றனர். அக்கலக்கத்தை நாம் எள்ளிப் பேச விரும்பவில்லை. கடன்பட்டுப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு ஓராண்டுச் சம்பளம் சிறு பொருளன்று. ஆனால் அவ்வோராண்டு வீணாயிற்று என்று எண்ணுவதற்கும் காரணமில்லை. தெரியாத மொழியில் வேலை வாங்கவும், இல்லாத கருவிக்கு மாற்றுக் காணவும், தனியே நின்று முடிவெடுக்கவும் கற்றுத் திரும்புகிறவர், அதே நாற்காலியில் ஓராண்டு கூடுதலாக அமர்ந்திருந்தவரைவிடத் திறமையில் குறைந்தவராக இருக்கமாட்டார்.

இங்கே சில எச்சரிக்கைகளும் வேண்டும். தொழில் எதுவும் கைவராதவர் தொண்டு என்ற பெயரில் போனால், உதவப் போன இடத்துக்கே பாரமாவார். ரோஸ் வைத்தியம் கற்றுத் தேர்ந்தபின் கொசுவை ஆராய்ந்தாரேயன்றி, கொசுவைக் கொண்டு வைத்தியம் கற்கவில்லை. சம்பளம் கொடுத்து அமர்த்தவேண்டிய உள்ளூராரின் வேலையைத் தொண்டரைக் கொண்டு இலவசமாக முடித்துக்கொள்வதும் முறையன்று. தொண்டின் பெயரால் பெருந்தொகை கட்டச் சொல்லும் தரகரிடமும், பாஸ்போர்ட்டைக் கேட்கும் முகவரிடமும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அனுப்பும் அமைப்பு எது, தங்குமிடம் என்ன, நோயுற்றால் பொறுப்பேற்பவர் யார் என்பவற்றை எழுத்தில் பெற்றபின்னரே புறப்படுதல் நன்று.

வேலை கொடுப்போர்க்கும் ஒரு சொல். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நாம் அன்றாடம் காணும் எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறோம். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், சாரணர் இயக்கம் முதலியவற்றில் தொண்டு செய்யும் ஊழியருக்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு வழங்கும் ஏற்பாடு ரயில்வேயில் உண்டு. அவ்விடுப்பில் முதலுதவி கற்றவர், நிலையத்தில் ஒரு பயணி மயங்கி விழும்போதும், யார்டில் ஒரு தொழிலாளிக்கு அடிபடும்போதும் முன்னே ஓடிவருகிறார். விடுப்பாகக் கொடுத்த நாட்கள் வேறு வடிவில் நிர்வாகத்துக்கே திரும்பி வருகின்றன. இதே கணக்கை அயல்நாட்டுத் தொண்டுக்கும் நீட்டலாம். சம்பளமில்லா விடுப்பேனும் கொடுத்து, முதுநிலை கெடாமல் பார்த்து, திரும்பி வந்தவரைப் பழைய இடத்தில் சேர்த்துக்கொள்ளும் நிர்வாகம், செலவின்றிப் பயிற்சி பெற்ற ஊழியரை அடைகிறது. அவ்வாறின்றி, திரும்பியவரைக் கெர்வாராவுக்கு அனுப்பினால், லிவர்பூல் அவரை அழைத்துக்கொள்ளும்.

திரும்பி வந்தவர் பெற்றதை எடுத்துரைக்கும் முறையும் அறிந்திருத்தல் வேண்டும். வெளிநாடு போய்த் தொண்டு செய்தேன் என்று பொதுப்படச் சொன்னால் மேலதிகாரி தலையசைத்துவிட்டு அடுத்த காகிதத்தைப் பார்ப்பார். இத்தனை பேருக்குக் கற்பித்தேன், இந்தக் கணக்கேட்டை இவ்வாறு மாற்றினேன், அதனால் இந்தக் குறை தீர்ந்தது என்று நாளும் எண்ணும் காட்டிச் சொன்னால் அவர் நிமிர்ந்து அமர்வார். ரோஸ் தம் குறிப்பை நான்கே மாதத்தில், 1897-ஆம் ஆண்டு டிசம்பரில், பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் அச்சேற்றினார். எழுதாதிருந்தால் கெர்வாராவில் அவரை யார் நினைத்திருப்பர்?

தம் உழைப்புக்கு உரிய பொருட்பரிசு சர்க்காரிடமிருந்து கிடைக்கவில்லை என்ற குறை ரோஸுக்கு முதுமைவரை இருந்தது. 1932-இல் அவர் மறைந்தார். அக்குறை நியாயமானதே. தொண்டு செய்தவன் கேட்கமாட்டான் என்பதால் கொடுக்கவேண்டியவன் கொடாதிருக்கலாம் என்று ஆகிவிடாது.

மலேரியா இன்னும் முற்றும் ஒழியவில்லை. 2023-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் அதனால் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். கற்ற கைகளுக்கு அங்கே வேலை மிகுதியாக உண்டு. நம் சங்கக் குடும்பங்களில் நர்ஸுகளும் ஆய்வுக்கூடத் தொழிலாளரும் கணக்கரும் பொறியாளரும் நிறைய உள்ளனர். அவர்களுள் எவரேனும் போக விரும்பினால், வீட்டார் முதலில் கேட்கவேண்டியது அங்கே என்ன வேலை, அதற்குத் தக்க திறமை உண்டா என்பதே. அவ்விரண்டும் ஒத்துவந்தால் ஆசி கூறி அனுப்புங்கள். அதுவரை, ஹைதராபாத்துக்கு வரும்போது பிள்ளைகளைச் சார்மினாருக்கு அழைத்துச் செல்வதோடு நில்லாமல், அரைநாள் ஒதுக்கிப் பேகம்பேட்டுக்கும் அழைத்து வந்து, அந்தப் பழைய கட்டடத்தைக் காட்டி, ரோஸையும் ஹுசேன் கானையும் பற்றிச் சொல்லுங்கள்.